சிறு பெட்டியின் இழுப்பறைக்கு உள்ளே என்ன விரிப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கையால் சிறு மரப்பெட்டி செய்கிறவர்களும், நகை வைக்கவும் பரிசளிக்கவும் அதை வாங்குகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர் பேச்சிலேயே விட்டிருக்கிறோம் (அதில் வரும் லாச்சி இழுப்பறைதான்). கணக்குக்கு எல்லா இடத்திலும் ஒரே பெட்டிதான்: மூன்று இழுப்பறைகள், ஒவ்வொன்றின் உள்ளளவு 100 மி.மீ. அகலம், முன்னிருந்து பின்னாக 70 மி.மீ., உயரம் 22 மி.மீ. பக்கப் பலகைகள் 4 மி.மீ. தடிப்பு.

லாச்சிக்குள்ள ஏதாவது ஒட்டியே ஆகணுமா? வெறும் மரமா விட்டா என்ன?

தாராளமாக விடலாம். பொத்தான், ஊசி, சாவி, சில்லறை வைக்கிற இழுப்பறைக்கு 240 எண் உப்புத்தாளில் தேய்த்து, மெல்லிய ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஒரு பூச்சு கொடுத்தால் போதும். விரிப்புக்கு வேலை மூன்றுதான்: நகையில் கீறல் விழாமல் காப்பது, திறக்கும்போது உள்ளிருப்பது உருண்டு சத்தம் போடாமல் பிடிப்பது, மூலை இணைப்பில் உள்ள குறையை மறைப்பது. மூன்றாவது காரணத்துக்காக வெட்கப்பட வேண்டாம். பாதிப் பெட்டிகளில் வெல்வெட் இருப்பது அதற்காகத்தான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இழுப்பறையின் உள்பக்கம் ஆளி விதை எண்ணெய் பூசாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது சிக்கு நாற்றம் பிடிக்கும், அந்த வாடை துணியில் ஏறி மாதக்கணக்கில் போகாது. ஷெல்லாக் பூசுவதென்றால் மழை விட்ட நாளில் பூசுங்கள். ஈரக் காற்றில் அது பால்போல் வெளுத்துவிடும்.

வெல்வெட், ஃபெல்ட், தாள், தோலுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுதான் நல்லது?

உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நிறம் அதற்குப் பிறகு. 916 தங்கத்துக்கு அநேகமாக எதுவும் ஒத்துக்கொள்ளும். குட்டை இழை வெல்வெட்டோ பாலியெஸ்டர் ஃபெல்ட்டோ போடலாம். வெள்ளிக் கொலுசு, மெட்டி என்றால் துணியைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும் (கீழே வெள்ளி பற்றிய கேள்வியைப் பாருங்கள்). முத்துக்குச் சாயம் போகாத வெள்ளைப் பருத்தி. கடிதம், தபால்தலை, ஊசி நூல் வகைக்குத் தாளே மேல்.

இரண்டாவது கேள்வி, நம் ஊர்க் காற்று. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிற இடத்தில், குளிர்நாட்டுப் பெட்டிகளுக்குப் பொருந்துகிற கம்பளி ஃபெல்ட்டும் தோலும் முதல் தேர்வு ஆகாது.

ஃபெல்ட்டும் வெல்வெட்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஃபெல்ட் நெய்யப்படாதது, இழைகளை அமுக்கிச் செய்தது. எந்தப் பக்கம் வெட்டினாலும் நூல் பிரியாது, அதனால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு எளிது. கைவேலைக் கடைகளில் சதுரத் துண்டாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். 1 மி.மீ. தடிப்பில் விறைப்பாக இருப்பதை எடுங்கள். தொளதொளவென்று 2, 3 மி.மீ. இருப்பது ஓர் ஆண்டில் உருண்டை உருண்டையாகத் திரண்டு காதணித் திருகில் மாட்டும்.

வெல்வெட் நெய்த துணி, மேலே நிமிர்ந்த இழை. மலாய்க்காரர் பல்டு என்பது இதைத்தான். பக்கத்திலேயே கோலகங்சாரில் தங்க நூலால் செய்யும் தெக்காட் பூவேலைக்கு அடித்துணி அது. அழகு அதிகம், தொந்தரவும் அதிகம். வெட்டிய ஓரம் உதிரும், இழைக்குத் திசை உண்டு.

கடையில வெல்வெட்னு கேட்டா நாலு விதம் எடுத்துப் போடுறாங்க. எதை வாங்க?

இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் நீண்டு கொடுத்தால் அது பின்னல் வெல்வெட், உடைக்கானது. அட்டையில் ஒட்டும்போது கோணிக்கொள்ளும், வேண்டாம். இழை படுத்துச் சுருக்கம் போட்டதுபோல் மின்னுவது சிறு பெட்டியில் அழுக்குத் துணியாகத் தெரியும். நீளாத, இழை 1 மி.மீ.க்கு மேல் போகாத பருத்தி வெல்வெட்டீன் சிறு வேலைக்கு மிகச் சரியானது. அது கிடைக்காவிட்டால் நெய்த பாலியெஸ்டர் வெல்வெட். பின்னால் தாளை உரித்து ஒட்டும் வகை பலவற்றில் இழைக்கு அடியில் பிவிசி படலம் இருக்கும். நம் வெக்கையில் ஓரம் கிளம்பும், வெள்ளிக்கும் ஆகாது.

மூன்று இழுப்பறையின் அடிக்கும் சுவருக்கும் சேர்த்துக் கால் மீட்டர் வாங்கினாலே மிச்சம் விழும். ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குத் துணியெடுக்கப் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். அதைவிட, உள்ளூர் தையல்காரரிடம் வெட்டுத்துண்டு கேட்பது லாபம்.

துணி போட்டதும் லாச்சி சின்னதாயிடுச்சு, மோதிரம் இடிக்குது. தடிப்பை எப்படிக் கணக்குப் பண்றது?

துணியின் தடிப்போடு அட்டையின் தடிப்பையும் சேர்த்து இரண்டால் பெருக்குங்கள், ஏனென்றால் இரு சுவர். 1 மி.மீ. ஃபெல்ட்டை நேராகச் சுவரில் ஒட்டினால் 100 மி.மீ. அகலம் 98 ஆகும். அட்டையில் சுற்றிய வெல்வெட் பக்கத்துக்கு 2 மி.மீ. தின்னும், அகலம் 96. அடியில் 1.5 மி.மீ. அட்டை, மேலே துணி, கீழே மடித்த ஓரம் எல்லாம் சேர்ந்து 3 மி.மீ. போய்விடும், 22 மி.மீ. உயரத்தில் மிச்சம் 19.

சுவருக்குத் தாள், அடிக்கு மட்டும் வெல்வெட் என்று பிரித்துக்கொள்வது சிறு பெட்டிக்குப் பொருத்தம். எதைச் சுவரில் ஒட்டினாலும் மேல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழேயே நிறுத்துங்கள். விளிம்பின் மேல் மடித்தால் உரசி உரசி அங்கேதான் முதலில் கிழியும், இழுப்பறையும் இறுகும். மழை மாதங்களில் மரம் உப்புவதற்கே பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளி தேவை, அதைத் துணிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

துணியை நேரா மரத்துல ஒட்டிடவா, இல்ல அட்டையில சுத்தி வைக்கவா?

அட்டையில் சுற்றி, ஒட்டாமல் வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பூஞ்சணம் பிடிக்கும், சாயம் மங்கும், வாசனைத் திரவியம் கொட்டும். எடுக்க முடிகிற தட்டாக இருந்தால் பத்து நிமிட வேலை; மரத்தோடு ஒட்டியிருந்தால் பெட்டியையே கெடுக்கிற வேலை.

செய்முறை: 1.5 மி.மீ. சாம்பல் அட்டையை 97.5 க்கு 67.5 மி.மீ. வெட்டுங்கள். ஓரத்தில் மடியும் துணிக்குப் பக்கத்துக்கு 1 மி.மீ., நுழைந்து எழ அரை மி.மீ. என்று கழித்த அளவு அது. துணியை எல்லாப் பக்கமும் 15 மி.மீ. கூட்டி, ஏறக்குறைய 128 க்கு 98 என்று எடுங்கள். வெட்டும் முன்பே கோட்டின் மேல் துணியின் பின்பக்கம் வெள்ளைப் பசையை விரலால் மெல்லப் பூசிக் காயவிட்டால் நூல் உதிராது. அட்டையின் முகத்தில் பசை வேண்டாம். பின்னால் மடிக்கிற 15 மி.மீ.க்கு மட்டும் போடுங்கள். மூலையைச் சாய்வாக வெட்டும்போது அட்டை முனையிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். ஒட்டி வெட்டினால் முனையில் அட்டை பல்லிளிக்கும், அதிகம் விட்டால் மூலை குமிழ்போல் தடிக்கும். நீளப் பக்கங்களை முதலில் மடியுங்கள், அகலப் பக்கங்களைப் பிறகு. பின் ஓரத்தில் 4 மி.மீ. ரிப்பன் ஒன்றை வளையமாக வைத்து ஒட்டிவிட்டால் பிறகு தட்டைத் தூக்கக் கத்தி முனை தேட வேண்டியதில்லை.

இந்த அளவு சுவர் வெறுமையாகவோ தாள் ஒட்டியோ இருந்தால்தான்; துணிப் பட்டை வைத்தால் அதன் தடிப்பையும் அட்டையில் கழித்துக்கொள்ளுங்கள். சுவர்ப் பட்டைகள் முதலில், அடித்தட்டு கடைசியில். அடித்தட்டு உள்ளே இறங்கும்போது சுவர்ப் பட்டையின் கீழ் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

ஒரே துணியிலதான் வெட்டினேன், ஆனா மூணு லாச்சியும் மூணு கலரா தெரியுது. ஏன்?

இழைத் திசை மாறியிருக்கிறது. வெல்வெட்டைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் முரடாக நிற்கும். இழை நம்மை நோக்கி நிமிர்ந்தால் நிறம் ஆழமாகவும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வெளிறியும் தெரியும். வெட்டும் முன் பின்பக்கம் சாக்கட்டியால் அம்புக்குறி போட்டு, எல்லா அம்பும் முன்பக்கம் பார்க்க வைத்துவிட்டால் தீர்ந்தது.

எந்தப் பசை போடுறது? சூட்டுப் பசை சீக்கிரமா ஒட்டுதே?

ஒட்டும், மேடு தட்டும், வெயிலில் நின்ற காருக்குள் இளகி விட்டுவிடும். துணிக்கும் அட்டைக்கும் சாதாரண வெள்ளைப் பசை, அதாவது பிவிஏ போதும். தாளுக்கு அதையே கொஞ்சம் தண்ணீர் விட்டு நீர்க்கக் கலக்குங்கள். கனமான புத்தகம் வைத்து 24 மணி நேரம். அடைமழை நாளில் 48. இருபக்க டேப் ஈரவெக்கையில் ஒழுகி ஓரத்தில் பிசுபிசுக்கும். தற்காலிகமாகப் பிடித்துவைக்க மட்டும்.

மைதாக் கஞ்சிப் பசை பழைய நல்ல வழிதான், தாளுக்கு அதைப்போல் வளைந்து கொடுப்பது வேறில்லை. ஆனால் இங்கே அது பூஞ்சணத்துக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும் விருந்து. பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பது புத்தகம் கட்டுகிறவர்களின் பழக்கம். அது விஷம், குழந்தைகள் கை வைக்கிற பெட்டிக்கு வேண்டாம். டின்னில் வரும் மஞ்சள் ரப்பர்ப் பசையின் வாடை மூடிய இழுப்பறையில் நெடுநாள் நிற்கும். அடுத்த பதிலையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தங்கம் அப்படியே இருக்கு, வெள்ளிக் கொலுசு மட்டும் கறுத்துப்போகுது. பெட்டிதான் காரணமா?

பல நேரம் ஆமாம். வெள்ளியின் மேல் படிகிற கறுப்பு கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகிற வெள்ளி சல்ஃபைடு. கந்தகம் வருகிற இடங்கள்: கம்பளி ஃபெல்ட் (ஆட்டு ரோமத்திலேயே கந்தகம் உண்டு), சில சாயங்கள், ரப்பர் கலந்த பசைகள் சில, வழுக்காமல் இருக்க அடியில் போடும் ரப்பர் விரிப்பு. தோட்டத்தில் இறக்குகிற ரப்பர்ப் பாலை உறுதியான ரப்பராக்குவதே கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிற முறைதான். 1839 இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டது. கொலுசு ஜோடியை ரப்பர் பேண்டால் கட்டி வைத்தால் பேண்ட் பட்ட இடத்தில் மட்டும் கோடுபோல் கறுப்பது இதனால்தான்.

916 தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அதனால் அது அசையாது. 925 வெள்ளியில் மிச்சம் 75 பங்கு பெரும்பாலும் செம்பு, அது இன்னும் சீக்கிரம் கறுக்கும். வெள்ளி வைக்கும் இழுப்பறைக்குச் சாயம் போகாத பருத்தி அல்லது பாலியெஸ்டர், வெள்ளைப் பசை, எடுக்கிற தட்டு. கொலுசைச் சாதாரண ஜிப் பைக்குள் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. கவரிங் கறுப்பதற்குப் பெட்டியைத் திட்ட வேண்டாம், அது பெரும்பாலும் வியர்வை.

வாங்கின துணி வெள்ளிக்கு ஆகுமான்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?

முடியும். அருங்காட்சியகங்களில் இதற்கு ஆடி சோதனை என்று பெயர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973 இல் வகுத்தது. பொருளை வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு ஈரம் சேர்த்து மூடிய குடுவையில் 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு எளிய வடிவம்: நன்றாகத் துலக்கிய இரண்டு கொலுசு மணிகள், ஜாம் போத்தல் இரண்டு. ஒன்றில் மணியும் உள்ளங்கையளவு துணியும், இன்னொன்றில் மணி மட்டும். இரண்டிலும் ஈரப் பஞ்சு ஒரு சிட்டிகை, மணியில் படாமல். இறுக மூடி, வெக்கையான இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். துணி இருந்த போத்தலில் மட்டும் மணி கறுத்திருந்தால் அந்தத் துணி வேண்டாம். இரண்டாவது போத்தல் இல்லாமல் செய்தால் கறுத்தது துணியாலா காற்றாலா என்று தெரியாது, ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். பசையையும் இப்படியே, தாளில் தடவிக் காயவைத்துப் பார்க்கலாம்.

சாயத்துக்குத் தனிச் சோதனை: வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து வெல்வெட்டின் மேல் வைத்து, கனம் ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் ஏமாற்றும்.

அம்மாவோட பழைய பட்டுச்சேலைத் துண்டைப் போடலாமா?

போடலாம், நகை நேரே படாத இடத்தில். கடிதப் பெட்டிக்கும், மேல் மூடியின் உள்பக்கத்துக்கும் மிக அழகு. பட்டு மெல்லியது, பசை ஊறி முகத்தில் கறையாகத் தெரியும்; எனவே இஸ்திரியால் ஒட்டுகிற மெல்லிய உள்துணியை முதலில் பின்னால் ஒட்டிக்கொண்டு, பிறகு மேலே சொன்ன அட்டை முறையைப் பின்பற்றுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் பழம்பட்டு வெடிக்கும், அங்கே வெட்டுக்கோடு வராமல் பாருங்கள். சரிகைக் கரையை அடித்தட்டில் போடாதீர்கள்: கல்லையும் முத்தையும் கீறும், காதணிக் கம்பி மாட்டி நூலை இழுக்கும்.

பாத்தேக் துணி ஒட்டவே மாட்டேங்குது. பசை சரியில்லையா?

பசைமேல் குறையில்லை, மெழுகு மிச்சம் இருக்கிறது. மெழுகு வைத்துச் சாயமிட்ட துணியைச் சவர்க்காரம் போட்ட கொதிநீரில் அலசி, பழைய தாள்களுக்கு நடுவே வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். தாள் மெழுகை உறிஞ்சும். அச்சடித்த பாத்தேக்கில் இந்தத் தொல்லை இல்லை. பூ வடிவம் பெரிதாக இருந்தால் 100 மி.மீ. இழுப்பறையில் பாதி இதழ்தான் தெரியும், சிறிய திரும்புவடிவம் தேடுங்கள்.

தோல் போட்டா ரொம்ப உயர்வா இருக்குமே?

இருக்கும், பராமரிக்க முடிந்தால். 0.8 மி.மீ.க்கு மேற்பட்ட தோல் சிறு பெட்டியின் மூலையில் மடியாது. நம் ஈரத்தில் தோலுக்குத்தான் முதலில் பூஞ்சணம் வரும். செயற்கைத் தோலில் பாலியூரித்தேன் பூச்சு இருந்தால் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும், பழைய சோபாவில் பார்த்திருப்பீர்கள்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் உண்டு. உள்தோலாக விற்கும் மலிவான ஸ்வேட் பல நேரம் பன்றித் தோல். மேல்புறத்தில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடியிருக்கும். மலாய் நண்பருக்கான பெட்டி என்றால் ஆட்டுத்தோல் என்று கேட்டு உறுதிசெய்து வாங்குங்கள். சாமி நகைப் பெட்டிக்குத் தோலே வேண்டாம்.

மோதிரம் குத்தி வைக்கிற மாதிரி வரிசை எப்படிச் செய்றது? ஸ்பாஞ்ச் போடலாமா?

மஞ்சள் ஸ்பாஞ்சு பாலியூரித்தேன். ஈரத்தில் மக்கி ஒட்டும் தூளாகிவிடும். பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு போடுங்கள். இலவம் பஞ்சும் ஆகும், ஆனால் அது கட்டி தட்டும். 98 மி.மீ. நீளத்தில் பஞ்சை 15 மி.மீ. விட்டமுள்ள குழலாக இறுக்கிச் சுருட்டி, 98 க்கு 58 மி.மீ. வெல்வெட்டைச் சுற்றி ஒட்டுங்கள். 70 மி.மீ. இடத்தில் ஐந்து குழல்கள். 75 மி.மீ. உள்ளதை 70 க்குள் அமுக்கி வைப்பதால் மோதிரம் பிடித்து நிற்கும். நம் 22 மி.மீ. இழுப்பறை இதற்குப் போதாது. பெட்டி செய்யும்போதே ஓர் இழுப்பறையை 30 மி.மீ. உயரத்துக்குத் திட்டமிடுங்கள்.

பூஞ்சணம் வராம இருக்க அந்துருண்டை போட்டா போதுமா?

அந்துருண்டை பூச்சிக்கு, பூஞ்சணத்துக்கு அல்ல. அதோடு குழந்தை இருக்கும் வீட்டுப் பெட்டியில் நாப்தலின் வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு அது இரத்த அணுக்களைச் சிதைக்கும். இந்நாட்டில் பிறந்தவுடன் அந்தச் சோதனை செய்வது காரணமில்லாமல் இல்லை. வளைகாப்புக்கும் பிள்ளை பிறந்ததற்கும் பரிசாகப் போகிற பெட்டிகளில் இதை மறக்காதீர்கள்.

பூஞ்சணத்துக்குக் காற்றுதான் மருந்து. வாரம் ஒருமுறை இழுப்பறைகளைத் திறந்து வையுங்கள், குளியலறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சிலிகா ஜெல் பொட்டலம் மரப்பெட்டிக்குள் சில நாளிலேயே நிரம்பிவிடும். பெட்டியையே காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால்தான் அதனால் பயன்.

ரப்பர் மரப் பெட்டி, விரிப்பு மேல மாவு மாதிரி கொட்டிக் கிடக்கு. அது என்ன?

மாவுபோல் மென்மையான தூளும் குண்டூசித் துளையும் இருந்தால் துளைப்பூச்சி, மலாயில் பூபோக். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் அறுத்தவுடன் போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்துவார்கள். அந்தப் பக்குவம் செய்யாத தோட்டத்துத் துண்டில் செய்தால் இதுதான் கதி. நகையையும் தட்டையும் வெளியே எடுத்து, பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள், இல்லையென்றால் மரத்தில் நீர் கோக்கும்.

தாள் ஒட்டினதும் அடிப்பலகை கிண்ணம் மாதிரி வளைஞ்சிடுச்சு. ஏன்?

ஈரத்தில் நீண்ட தாள் காயும்போது சுருங்கி, மெல்லிய பலகையைத் தன் பக்கம் இழுக்கிறது. பலகையின் அடியிலும் அதே தாளை அதே திசையில் ஒட்டிவிடுங்கள், இரு இழுப்பும் சமமாகும். ஏற்கெனவே வளைந்ததற்கும் இதுவே மருந்து. ஒட்டியபின் இரண்டு நாள் கனத்தின் கீழ் இருக்கட்டும்.

ஏற்கெனவே மரத்தோட ஒட்டின வெல்வெட்டை எப்படி எடுக்கிறது?

வெள்ளைப் பசை என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அரைமணி நேரம் மேலே போட்டுவிட்டு மூலையிலிருந்து மெல்ல உரியுங்கள். பசை பால்போல் வெளுத்து இளகும். சூட்டுப் பசைக்கு முடி உலர்த்தியின் சூடு. ரப்பர்ப் பசையை விரலால் உருட்டி உருட்டித்தான் எடுக்க வேண்டும், அவசரப்பட்டுத் தின்னர் ஊற்றினால் வெளி மெருகும் சேர்ந்து போகும். ஈரம் பட்ட மரத்தை மூன்று நாள் நிழலில் காயவிட்டு, 240 எண் உப்புத்தாள் ஓட்டி, ஷெல்லாக் ஒரு பூச்சு. அது காய்ந்து வாடை போக இரண்டு வாரம் கொடுத்துவிட்டுப் புதுத் தட்டை இறக்குங்கள்.